மணப்பட்டில் நான் போட்ட கும்பிடுகள்

1959 ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, மணப்பட்டு மீனவப் பெண்கள் முன் நான் வாய் திறந்தேன். எட்டுப் பக்க உரையை மனப்பாடம் செய்துகொண்டு பாகூரிலிருந்து போயிருந்தேன். (இலக்கிய மாணவி, குறைத்துப் பேசத் தெரியாது.)

நோக்கம் எளியது. என் அக்கா மகனுக்கு ஆறாம் மாதத்தில் ஓர் அரிய வலிப்பு வந்தது. தலை சட்டெனக் கவியும். கைகள் விரிந்து கூடும். சில நொடிகள் விட்டு மீண்டும், மீண்டும். பிள்ளை சாமி கும்பிடுகிறான் என்று பூரித்தே மூன்று மாதங்களைத் தொலைத்தோம். "முன்னமே வந்திருந்தால்..." என்றார் மருத்துவர். இன்னொரு தாய் அதைக் கேட்கக் கூடாது.

மூன்றாம் பக்கத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். நான்காம் பக்கத்தில் பலர். வேறு வழியின்றி, நாலு பேர் நடுவே நிமிர்ந்தும் பாராத நான், அந்த வலிப்பை நடித்துக் காட்டினேன். தலையைக் கவிழ்த்து, கைகளை விரித்துக் கூப்பி, ஏழு முறை.

ஏழு முறையும் கூட்டம் பதிலுக்குக் கும்பிட்டது. (தேர்தல் நேரம் என்பதை மறந்திருந்தேன்.)

மீன்கூடைமேல் சாய்ந்திருந்த பாக்கியம் என்ற அம்மாள் கேட்டார்: "இன்னாம்மா, இத்தினி வாட்டி கும்புடற, ஒன் சின்னம் இன்னா?"

"நான் ஓட்டுக் கேட்க வரவில்லை."

"வர்றவங்க அல்லாம் அப்டித்தான் சொல்றாங்க. நேத்து வந்தவரு ரெண்டு வாட்டியோட ஜீப்புல ஏறிட்டாரு. நீ தேவலாம். நல்ல தண்ணிக்குக் கெணறு வெட்டித் தருவியா?"

சிரிப்பு அடங்குமுன், பின்னாலிருந்த அஞ்சலை என்ற இளம் தாய் மடியிலிருந்த குழந்தையைக் காட்டினாள். "எம் புள்ளகூட தூங்கி எழுந்தா இப்டித்தான் கும்புடுறான். அவனும் ஓட்டுக்கு நிக்கறான் போல கீது."

மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை.

"தொடர்ந்து எத்தனை முறை?"

"பத்து, பதினஞ்சு வாட்டி. முடிஞ்சதும் அழுவான்."

"முகம் பார்த்துச் சிரிக்கிறானா?"

"போன மாசம் சிரிச்சான்." அவள் குரல் இறங்கியது. "இப்ப இல்லக்கா."

பாக்கியம் கூடையைவிட்டு எழுந்து குழந்தையைப் பார்த்தார். உரையின் மீதிப் பக்கங்களை நான் விட்டுவிட்டேன்.

"அது கும்புடு இல்ல அஞ்சல, வலிப்பு. காலைல மொத பஸ்ஸுக்கு வா, நான் கூட வரேன்" என்றேன், அவர்கள் பேச்சிலேயே.

(இன்றும் வீட்டில் நான் யாருக்கு வணக்கம் சொன்னாலும், என் தம்பி "சின்னம்?" என்கிறான்.)

மறுநாள் காலை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் குழந்தை அயர்ந்து தூங்கினான்; ஒருமுறைகூடத் தலை கவியவில்லை. எப்படி வருகிறது என்று மருத்துவர் கேட்டார். அஞ்சலை தயங்காமல் என்னைக் காட்டினாள்: "இந்த அக்கா செஞ்சு காட்டுவாங்க சார்."

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் செய்தேன்.

"தல இன்னும் கீழ போவணும்க்கா" என்று திருத்தினாள்.

இன்னும் கீழே கவிழ்த்தேன். மருத்துவர் பேனாவை எடுத்து, அன்றே குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினார்.