சகலை கழற்றிய கதவு

சபைகள் ஒத்துழைப்பு மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டவரின் சமாதானம் தங்களோடும் தங்கள் அச்சகத்தோடும் இருப்பதாக. இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். போன இதழின் மூன்றாம் பக்கத்துப் படத்தைப் பார்த்த பிறகும் பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை.

அந்தப் படத்தில் ஆவண அறை வாசலில் நின்று சிரிப்பவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கீழே 'ஒற்றுமையின் வாசலைத் திறந்தவர்' என்று போட்டிருக்கிறீர்கள். இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறதே, அது என்னுடையது. நம் இரண்டு சபைகளும் சேர்ந்து நடத்திய காரியங்களின் காகிதங்களையெல்லாம் தூசி தட்டி, தும்மித் தும்மி அடுக்கி வைத்தது அந்த முழங்கைதான். முதல் கூட்டு வழிபாட்டின் நிரல் ஒரே ஒரு தாள். எந்தச் சபையின் பாட்டை முதலில் பாடுவது என்று நடந்த சண்டைக்கு மட்டும் தலையணைத் தடிமனில் கோப்பு. இரண்டையும் படித்தவன் நான் ஒருவன். சகலை அட்டையைக்கூடப் பிரித்ததில்லை.

ஒற்றுமைக் காகிதங்களை ஒரே அறையில் வைத்தார்களே தவிர, ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அதனால் கதவுக்கு இரண்டு பூட்டு. எங்கள் சபையின் சாவி என்னிடம், அவர்கள் சபையின் சாவி சகலையிடம். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். பேராயர்கள் இருவரும் பார்வையிட வந்த அன்று நான் கொஞ்சம் மெதுவாகத்தான் கிளம்பினேன். காக்க வைத்தால்தானே சாவியின் அருமை தெரியும்? போய்ப் பார்த்தால், பூட்டு இரண்டும் பூட்டினபடியே தொங்குகின்றன, கதவு மறுபக்கமாகத் திறந்து கிடக்கிறது. கீலைக் கழற்றியிருக்கிறார் மனுஷன். கையில் திருப்புளியோடு, "வாங்கண்ணே, உங்களை எதுக்கு அலைய வைக்கணும்னு நானே நாலு திருகாணியைக் கழட்டிட்டேன்" என்கிறார். அதற்குள் எங்கள் பேராயரே, என் பேராயரே, "பூட்டையே பார்த்துக்கொண்டு நிற்காமல் கீலைத் தேடிய சகோதரர்" என்று பேச ஆரம்பித்துவிட்டார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் சாவியை வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொள்வது? வீட்டுக்கு வந்து சொன்னால் என் மனைவி, "சாவி உங்ககிட்ட பத்திரமாத்தானே இருக்கு, அப்புறம் என்ன குறை?" என்கிறாள். பெண் எடுத்த வீட்டில் எனக்குப் போடும் நாற்காலிக்கு முன்னால் அவருக்குப் போடும் நாற்காலி வந்து எத்தனையோ காலமாச்சு. இப்போ ஆவண அறையிலயும் அதே கதையா?

அடுத்த வாரம் இரண்டு சபைகளின் கூட்டுக் குழு கூடி, அந்த அறைக்கு இனி ஒரே காப்பாளரை நியமிக்கப்போகிறது. அந்தப் பதவி திருகாணி கழற்றத் தெரிந்தவருக்கா, காகிதம் படிக்கத் தெரிந்தவனுக்கா என்று தாங்கள்தான் நாலு வரி எழுத வேண்டும். கூடவே, அந்த முழங்கை யாருடையது என்று பெயரோடு ஒரு திருத்தமும் போட வேண்டும்.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் சகல ஆசீர்வாதங்களும் பெருகட்டும். என் சகலைக்கும் பெருகட்டும், இதற்கு மேல் எங்கே பெருகும் என்று எனக்குத் தெரியவில்லை.

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் சகலை வந்து உட்கார்ந்தார். "குழு இன்னைக்கே அவசரமாக் கூடிடுச்சுண்ணே. என் பேரைத்தான் சொன்னாங்க. காகிதம் எனக்கு ஆகாது, அண்ணனுக்கே குடுங்கன்னுட்டேன். சரின்னுட்டாங்க" என்றார். என் மனைவி அவருக்கு இரண்டாம் முறை காப்பி கொடுத்தாள். ஆக, பதவி எனக்கு. விட்டுக்கொடுத்த பெயர் அவருக்கு. அடுத்த இதழில் அதை முதல் பக்கத்தில் போடுவீர்கள், எனக்குத் தெரியாதா? இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை. ஆனால் காப்பாளராக இருப்பவர் இப்படியொரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவது அழகல்ல. எனவே பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். முழங்கை யாருடையது என்று சந்தேகம் வந்தால் புதிய காப்பாளரைக் கேளுங்கள், சொல்வார்.