விலாசம் அழிந்த நான்கு சீட்டுகள்

அன்பு மனைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வீடு நலம், சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு அடியில் வாளி வைத்திருப்பதால் தரையும் நலம். அங்கே நீயும், உன் அக்காவும், உடைந்து ஒட்டிய உன் அக்காவின் கணுக்காலும் நலமாக இருப்பதை அறிய ஆவல். முப்பத்தாறு வருடக் குடும்பத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உன்னை “இந்தாம்மா” என்று கூப்பிட்டே பழகிவிட்டதால், ‘அன்பு மனைவிக்கு’ என்று எழுதியதும் வேறு யார் வீட்டுக் கடிதத்தையோ எழுதுகிற மாதிரி இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு மாதம் என்று போனவளுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டதையும், மாவுக்கட்டுப் பிரித்து உன் அக்கா கடைத்தெரு வரைக்கும் நடக்க ஆரம்பித்த பிறகும் வருடக் கடைசி வரை இருக்கச் சொல்லி உன் கையைப் பிடித்துக்கொள்வதையும் எழுதியிருந்தாய். ‘உங்களுக்கு என்ன வேண்டும் என்று கடிதமாக எழுதுங்கள், போனில் உங்களுக்கு “ம்” தவிர வேறு எழுத்து வருவதில்லை, இந்த மாதக் கடைசிக்குள் டிக்கெட்டை மாற்றியாக வேண்டும்’ என்றும் கேட்டிருந்தாய். இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு ஒன்றும் வேண்டாம். இருப்பதும் வருவதும் உன் இஷ்டம். நான் தனியாக இருப்பது பரவாயில்லை. பதில் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் எழுதினால் பாதித் தாள் காலியாகக் கிடக்கிறது என்பதால், நீ கொடுத்துவிட்டுப் போன நான்கு சீட்டுகள் என்ன ஆயின என்பதையும் எழுதிவிடுகிறேன். இது புகார் அல்ல. படிக்கும்போது புகார் மாதிரி இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நீ கிளம்பிய அன்று பெட்டியைப் பூட்டிவிட்டு நாலாக மடித்த நான்கு சீட்டுகளை என் கையில் வைத்து, “கடைக்காரங்க ‘என்ன சார் வேணும்’னு கேட்டா நீங்க என் மூஞ்சியத்தான் பாப்பீங்க. இனிமே அவங்க கிட்ட இதைக் குடுங்க” என்றாய். ஒவ்வொன்றின் மேலும் நீல ஸ்கெட்ச் பேனாவில் முடிவெட்டும் கடை, ரொட்டிக்கடை, செருப்புக்கடை என்று விலாசம். நாலாவதன் மேல் மட்டும் ஒன்றும் எழுதாமல் கோடு போட்டிருந்தாய். இது எங்கே என்று கேட்டதற்கு, “எங்கயாவது போய் என்ன கேக்கணும்னே தெரியாம நிப்பீங்க இல்ல, அங்க குடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாய். நான் நான்கையும் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தேன். அதே பத்திரத்தோடு சட்டையைச் சலவை இயந்திரத்தில் போட்டேன்.

வெளியே வந்தபோது நான்கு சீட்டும் இருந்தன, மூன்று விலாசமும் ஒரு கோடும் இல்லை. உள்ளே நீ பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்ததால் எழுத்து தப்பித்திருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் நிழலாகத் தெரிந்தது. இன்னொருவனாக இருந்தால் பிரித்துப் பார்த்திருப்பான். நான் முப்பத்திரண்டு வருடம் தபால்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் அறையில் நின்றவன். அஞ்சலட்டையைக்கூட விலாசப் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியில் போட்டவன். நீ எழுதியது கடைக்காரர்களுக்கு, எனக்கு அல்ல. அதைப் படித்துவிட்டு எந்த முகத்தோடு பென்ஷன் வாங்குவது? விலாசம் தெளிவாக இல்லாத கடிதங்களை எங்கள் அறையில் மடிப்பையும் கனத்தையும் பார்த்து ஓர் உத்தேசமாகப் பெட்டியில் போடுவோம், பெரும்பாலும் சரியாகப் போய்ச் சேரும் என்பது என் நம்பிக்கை. சேராதவர்கள் என்னிடம் வந்து சொன்னதில்லை.

முதல் சீட்டை முடிவெட்டுகிறவரிடம் கொடுத்தேன். பழைய கடை மூடிவிட்டதால் தெருமுனையில் வந்திருக்கும் புதுக்கடை. அவர் என் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, சீட்டை இரண்டு தரம் படித்துவிட்டு, “அம்மா தெளிவா எழுதியிருக்காங்க சார். கடைசி வரிதான் எனக்குப் புரியலை. அது உங்க வீட்டு விஷயம், நான் தலையிடலை” என்று சொல்லிக் கத்தரியை எடுத்தார். அரை மணி நேரத்தில் காதுக்கு மேலே சுற்றிலும் ஒரு முடி பாக்கியில்லாமல் வழித்துவிட்டு, நடுவில் கையே வைக்காமல் விட்டுவிட்டார். பானைக்கு மூடி போட்ட மாதிரி இருந்தது. அவர் கையில் வட்டக் கண்ணாடியை எடுத்ததும் நான் பழக்க தோஷத்தில் சட்டென்று எழுந்துவிட்டேன், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் நீ எப்போதும் பெஞ்சிலிருந்து “வாங்க வாங்க, அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேன்” என்று குரல் கொடுப்பாய். அன்று குரல் வரவில்லை, ஆனாலும் எழுந்துவிட்டேன். வீட்டு வாசலில் மாடிவீட்டுக்காரர், “இந்த வயசுல பட்டாளத்துல சேத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இரண்டாவது சீட்டு ரொட்டிக்கடை அம்மாவுக்குப் போனது. அவர் படித்தார், என் இடது கன்னத்தை உற்றுப் பார்த்தார், தன் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். ஒரு பன்னைக் கையில் கொடுத்து, “சாப்பிடுங்க, நான் பாக்கறேன்” என்றார். வாடிக்கையாளர் ஐந்தாறு பேர் காத்திருக்க, அவர் கல்லா மேல் முழங்கையை ஊன்றி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு பன்னை முழுசாகச் சாப்பிட்டேன். முடித்ததும், “இப்ப எழுந்து நாலு அடி நடங்க” என்றார். நடந்தேன். “திரும்பி வாங்க.” வந்தேன். வரிசையில் நின்ற ஒரு பெண், “ஏங்க, இங்க பன் வாங்கினா எல்லாரும் நடக்கணுமா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டது என் காதில் விழுந்தது. இதெல்லாம் நீ எழுதித்தானே நடக்கிறது, ஏதோ காரணம் இருக்கும் என்று நான் சட்டையில் விழுந்த துணுக்குகளைத் தட்டிக்கொண்டேன். உன் காரணங்களை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

மூன்றாவது சீட்டில்தான் குட்டு வெளிப்பட்டது. செருப்புக்கடைக்காரர் சத்தம் போட்டுப் படிக்கிற ஆள். ஆனால் முதலில் சீட்டில் ஒரு தரம் கண்ணை ஓட்டிவிட்டு, கீழே சாய்த்து வைத்திருந்த கண்ணாடியை, அதாவது செருப்புப் போட்டுக் காலைப் பார்க்கிற கண்ணாடியை, ஓர் அட்டைப் பெட்டியின் மூடியால் அவசரமாக மறைத்தார். “ஏன் சார் மறைக்கறீங்க?” என்றேன். “உங்க வீட்டம்மா எழுதியிருக்காங்களே சார்” என்று கடை முழுக்கக் கேட்கும்படி படித்தார்: ‘பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யுங்கள், இல்லாவிட்டால் உட்கார்ந்தபடி தூங்கிவிடுவார். முடிந்ததும் பின்பக்கக் கண்ணாடியைக் காட்ட வேண்டாம். உச்சிக்குப் பின்னால் முடி கொட்டிப் பதினொரு வருடம் ஆகிறது. அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.’

படித்து முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. என் தலையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு என் தலையைப் பார்த்தார். “அப்படி ஒண்ணும் பெரிசா இல்லை சார்” என்றார். பாவம், நல்ல மனிதர். நான் வாங்க வந்த செருப்பை வாங்காமல் வீட்டுக்கு வந்து, குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, உன் சின்னக் கண்ணாடியை முன்னால் பிடித்துப் பார்த்தேன். இருக்கிறது. தோசைக்கல் அளவுக்கு இல்லை, கரண்டி அளவுக்கு இருக்கிறது. எனக்கு வழுக்கை பற்றிக் கவலை வரவில்லை. பதினொரு வருடமாக அந்த அடுப்பில் ஒரு நாளும் பால் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு ஓடி வந்து பார்ப்பேன், அடுப்பு சில்லென்று இருக்கும். “நல்ல வேளை, அணைச்சுட்டுத்தான் வந்திருக்கேன்” என்பாய். நானும் உனக்கு ஞாபக மறதி என்று உன் அக்காவிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தக் குளியலறையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மனம் உன்னைத் தேடியது. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், மையில் எழுதிவிட்டதால் அழிக்க முடியவில்லை.

பிறகு ஒரு பொறுப்புள்ள தபால்காரனாக, தவறான இடத்தில் சேர்ந்த கடிதங்களைத் திரும்ப வாங்கப் போனேன். முடிவெட்டும் கடையில் இருந்தது ரொட்டிச் சீட்டு: ‘சுற்றிலும் ஓரத்தை முழுவதும் எடுத்துவிடவும், நடுவில் கை வைக்க வேண்டாம், மெல்லிசாக இருந்தால்தான் சாப்பிடுவார்.’ அதைப் படித்துக் காட்டி அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், முடி மட்டும் வளர மூன்று மாதம் ஆனது. ரொட்டிக்கடை அம்மா வாய்விட்டுப் படித்துக் காட்டியது செருப்புச் சீட்டு: ‘இடது பக்கம் கொஞ்சம் பெரிது. தானாகச் சொல்ல மாட்டார். கடிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், நம்ப வேண்டாம். உட்கார வைத்து முகத்தைப் பாருங்கள். பிறகு நாலு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள்.’ நான் விஷயத்தை விளக்கி, சீட்டைக் கேட்டேன். அந்த அம்மா தரமாட்டேன் என்றுவிட்டார். “செருப்புக்கு எழுதினா என்ன சார், மனுஷனுக்கும் இதுதானே?” என்று சொல்லி அதைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ரொட்டி வாங்கப் போனால் பொட்டலத்தைக் கையில் கொடுக்குமுன் என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். உன் கடிதம் வந்த மறுநாள் மட்டும், “இன்னிக்கு எங்கயோ கடிக்குது சார்” என்றார். இல்லையே என்றேன். “இல்லைன்னுதான் சொல்வீங்கன்னு எழுதியிருக்கே” என்றார். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பாதிதான் சாப்பிட முடிந்தது, அதுவும் ஓரம் கனமாக இருந்தது.

ஆகவே நீ என்னைப் பற்றிக் கவலைப்படாமல் அங்கே இரு. நாலாவது சீட்டு பத்திரமாக இருக்கிறது, இந்த முறை சட்டைப் பையில் அல்ல, மூக்குக்கண்ணாடிக் கூட்டில். உன் அக்காவுக்கு என் வணக்கம், அவர் கணுக்காலுக்குத் தனியாக என் விசாரிப்பு. இரண்டு பேரும் சண்டை போடாமல், போட்டாலும் சீக்கிரம் சமாதானமாகி, நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் கணவன்.

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். வேலையில் இருந்த அத்தனை வருடமும் பின்வாசல் வழியாகவே உள்ளே போனவன், இன்றுதான் முன்வாசல் வழியாக வந்தேன். கடிதத்தைப் பிரிக்கத் தெரியும், போடத் தெரியவில்லை. கவுண்ட்டரில் இருந்த அம்மாள், “என்ன சார் வேணும்?” என்றார். நான் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், அங்கே நீ இல்லை, பார்சலோடு ஒருவர் நின்றிருந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல் நாலாவது சீட்டை எடுத்து நீட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் கேட்டார்.

“உங்களுக்கு என்ன வேணும் சார்?”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா” என்றேன். சீட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். “என்ன வேணும்?” “உங்க இஷ்டம்.” இன்னொரு கோடு. “என்ன வேணும் சார்?” பின்னால் பார்சல்காரர் முனகினார். “பரவாயில்லைம்மா, நான் அப்புறம் வரேன்” என்றேன். மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டுச் சீட்டை என் பக்கம் திருப்பி, கண்ணாடித் தடுப்பில் ஒட்டிப் பிடித்தார். முதல் முறையாக நீ அடுத்தவருக்கு எழுதியதை நான் படித்தேன்.

‘இவரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்பார். உங்கள் இஷ்டம் என்பார். பரவாயில்லை என்பார். மூன்றையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். நாலாவதாக ஒன்று சொல்வார், அதுதான் பதில். தயவுசெய்து அதுவரை பொறுத்திருங்கள். நான் முப்பத்தாறு வருடம் பொறுத்திருக்கிறேன்.’

“அவ வரணும்” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பார்சல்காரர் பார்சலைக் கீழே வைத்துவிட்டார். கவுண்ட்டர் அம்மாள், “இதை லெட்டர்ல எழுதியிருக்கீங்களா?” என்றார். இல்லை என்றேன். “உறையை ஒட்டிட்டீங்களா?” இன்னும் இல்லை என்றேன். “அந்த மேஜையில பேனா இருக்கு. எழுதிட்டு வாங்க. உங்க இடத்தை நான் வெச்சிருக்கேன்.”

பேனாவைக் குட்டையான கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகையால் சுருக்கமாக: மேலே பதில் என்று எழுதிய மூன்றையும் அடித்துவிடு. உன் அக்காவையும் வேண்டுமானால் கூட்டிக்கொண்டு, வந்துவிடு. அந்த அம்மாள் அங்கிருந்தே, “எந்தத் தபால்ல போகணும் சார்?” என்று கேட்கிறார். இருப்பதிலேயே சீக்கிரம் போகிறதில் என்று, ஒரே தடவையில் சொல்லிவிட்டேன்.