ஜமக்காளத்தில் விழுந்த வெள்ளிக்காசு

ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்துகொண்டவனை நல்ல காரியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அப்போது எனக்குப் பழைய வெள்ளிக்காசுப் பைத்தியம். கடலூர் முதுநகரில் யார் வீட்டில் பழைய காசு இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் போய் நின்றுவிடுவேன். சட்டைப் பையில் பேனா இருக்காது, பூதக்கண்ணாடி இருக்கும். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், தேய்த்தால் விலை போய்விடும், கீழே போட்டால் நல்ல வெள்ளி கணீரென்று ஒலிக்கும். போனில் வீடியோ பார்த்துச் சேர்த்த ஞானம் அவ்வளவுதான். (இதுக்கே வீட்ல எனக்கு நிபுணர்னு பேரு!)

அந்த நிலைமையில்தான் சிதம்பரத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். அம்மா, தாய்மாமா, நான். உட்கார்ந்ததுமே மாமா ஆரம்பித்துவிட்டார்: “நம்ம பையன் பழைய காசப் பாத்த ஒடனே நல்லது கெட்டது சொல்லிடுவான்.” நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். (இன்னும் ரெண்டு வார்த்த ஜாஸ்தியா சொல்லுவாருன்னு ஒரு ஆசதான்.)

தமிழரசி காபி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டும்போது என் பையில் துருத்திக்கொண்டிருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவள் உள்ளே போனதும் அவள் அப்பா வெற்றிலைத் தட்டிலிருந்து ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “புடிங்க தம்பி,” என்றார். மாமாவின் பேச்சைக் கேட்டு என்னிடம் மதிப்புப் போடச் சொல்கிறார் என்று நினைத்து, கண்ணாடியை எடுத்தேன்.

“விபூதி போட்டுத் தேய்ச்சிருக்கீங்க. வெல போச்சு சார்,” என்றேன். சமையலறையில் ஒரு பாத்திரம் ‘ணங்’கென்று வைக்கப்பட்டது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நிற்கிற வேகத்திலா நான் இருந்தேன்? காசைச் சுண்டிக் கீழே விட்டேன். ‘தொப்’ என்றது. கணீரும் இல்லை, கிணீரும் இல்லை.

“மனசு கஷ்டப்படாதீங்க சார். இது போலி,” என்று ஆறுதலாகச் சொல்லி, காசைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, “பரவால்ல தம்பி. பொண்ணு பாக்க வரவங்க கையில இந்தக் காசக் குடுக்குறது எங்க வீட்டு வழக்கம். புடிச்சிருந்தா வெச்சுக்குவாங்க. புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடுவாங்க. ஆனா போலின்னு சொல்லித் திருப்புனது நீங்க ஒருத்தருதான்,” என்றார்.

“பஸ்ல படிச்சுப் படிச்சுச் சொன்னனேடா!” என்றாள் அம்மா. (சொல்லியிருப்பாங்க. என் காதுல இயர்போன். காசு வீடியோ ஓடிக்கிட்டிருந்துச்சு.)

மனசுக்குப் பிடித்த பெண்ணை நானே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

தமிழரசி வெளியே வந்தாள். தட்டிலிருந்த காசை எடுத்தாள். நாங்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தின் ஓரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, வெறும் தரையில் போட்டாள். கணீர்! காசு உருண்டு வந்து என் முழங்காலில் முட்டி விழுந்தது.

“ஜமக்காளத்து மேல போட்டா எந்தக் காசுங்க சத்தம் போடும்?” என்றாள். “இப்ப சொல்லுங்க. வேணுமா, வேணாமா?”

காசை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். (விளிம்புல புடிக்கணும்ங்கறதெல்லாம் அப்ப யாருக்கு ஞாபகம்?)

அந்தக் காசு இப்போது எங்கள் பீரோவில் இருக்கிறது. அதற்கு நான் மதிப்புப் போடுவதில்லை. தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்கும்போது, “இது நேத்து மீனு,” என்று நான் வாயைத் திறந்தால் போதும், “கீழ ஜமக்காளம் இருக்கா பாருங்க,” என்பாள் தமிழரசி.

மாமனார் அதற்கும் ஒரு படி மேலே. யார் வந்தாலும் ஜமக்காளம் விரித்து உட்காரவைக்கிற மனுஷர், வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும், “மாப்ள வராரு, அதச் சுருட்டுங்க,” என்று உள்ளே குரல் கொடுப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்த வீட்டில் எனக்கு வெறும் தரைதான்.