பன்னிரண்டு புள்ளி தரும் ஊசல்

ஒரே நாளில் பன்னிரண்டு புள்ளி! அதுவும் வெந்நீர் ஊற்று ஓட்டலில், மதியச் சாப்பாட்டோடு! செய்தி பரவியதுதான் தாமதம், சுற்றுவட்டாரத்து மருந்துக்கடைகள் எல்லாம் சனிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டன. யாருக்காவது தலைவலியா? திங்கட்கிழமை வரை பொறுத்துக்கொள்ளட்டும். மருந்தாளுநர்கள் அறிவை வளர்க்கப் போயிருக்கிறார்கள்.

சர்பியாவில் மருந்தாளுநரின் உரிமம் சும்மா புதுப்பிக்கப்படாது. படித்து முடித்தவரும் தொடர்ந்து படிக்க வேண்டும். எவ்வளவு படித்தார் என்பதைப் புள்ளிக் கணக்கில் காட்ட வேண்டும். எந்த வகுப்புக்கு எத்தனை புள்ளி என்று மருந்தாளுநர் சங்கத்தின் அங்கீகாரக் குழு பார்த்து, வட்ட முத்திரை குத்தித் தரும். நல்ல ஏற்பாடுதான், யார் மறுத்தார்கள்? குழு எதைப் பார்க்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

ஓட்டல் வாசலில் நீளமான துணியில் எழுதியிருந்தார்கள்: "உயிரலை ஊசலும் மருந்தின் அளவும். நடத்துபவர் டாக்டர் ரஸ்திமிர். அங்கீகாரம் பெற்றது." கடைசி இரண்டு வார்த்தைகள்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்த விதோசவாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆற்றங்கரைத் தெருவில் சொந்தமாக மருந்துக்கடை. அவளுக்கும் சரியாகப் பன்னிரண்டு புள்ளிதான் குறைவு. மாத முடிவுக்குள் கிடைக்காவிட்டால் உரிமம் போகும், கடையைப் பூட்ட வேண்டும். அவள் படிக்காமல் இருந்தவளா என்றால் அதுவும் இல்லை. எந்த மருந்தோடு எந்த மருந்து சேர்ந்தால் ஆபத்து என்று மருத்துவமனையில் மூன்று நாள் வகுப்பு நடந்தது. ஒரு மணி நேரம்கூட விடாமல் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். அந்த வகுப்புக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. ஏன்? விண்ணப்பத்தில் காபி இடைவேளை எத்தனை மணிக்கு என்ற கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டார்களாம்!

அவள் பையில் பத்து வெள்ளை டப்பாக்கள் இருந்தன. களிம்பு கலக்கிக் கொடுக்கும் சாதாரண டப்பாக்கள். பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் அவள் தோழி ஸோர்கா அந்தப் பையை எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி விதா, இது தேவையா? பேசாம கையெழுத்தப் போட்டுட்டு, கன்னுக்குட்டி சூப்பக் குடிச்சிட்டு, பாயிண்ட வாங்கிட்டுப் போவியா!"

"மிலுன் கை இன்னும் அசையலடி" என்றாள் விதோசவா.

மிலுன் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். போன மாதம் விதோசவா ஊரில் இல்லாத நாளில் வேறு கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் ரஸ்திமிரிடம் முதல் நிலை வகுப்பு முடித்த மேதை. மாத்திரைக்கு மேல் ஊசலைத் தொங்கவிட்டார். அது இடப்பக்கம் சுற்றியது. "உங்க உடம்புக்கு இது ஜாஸ்தி, பாதி போதும்" என்று சொல்லி அனுப்பினார். பதினோராம் நாள் மிலுனுக்கு மூளையில் ரத்தம் உறைந்து வலது கை விழுந்துவிட்டது. கடைக்காரரின் சுவரிலோ வட்ட முத்திரையோடு சான்றிதழ் இன்னும் பளபளவென்று தொங்குகிறது.

ஸோர்கா பெருமூச்சு விட்டாள். "சரி, குடு. என்ன செய்யணும்னு சொல்லித் தொலை."

அரங்கத்தில் எண்பது பேர். மேடைக்கு வந்தார் டாக்டர் ரஸ்திமிர். வெள்ளைக் கோட்டு, வெள்ளித் தாடி, விரலில் நூல், நூலின் நுனியில் அம்பர் கல் குண்டு. எதில் டாக்டர், எங்கே வாங்கிய பட்டம் என்று யாரும் கேட்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்பு அவர் இதே ஓட்டலில் முதுகுவலி மெத்தை விற்றதை நினைவு வைத்திருந்தவர்களும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார்கள்.

"மருந்து பேசும்! நமக்குத்தான் காது கேக்கல. இந்த ஊசலுக்குக் கேக்குது!" என்று முழங்கினார் அவர்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணை அழைத்து, ஒரு கையில் வைட்டமின் மாத்திரையும் இன்னொரு கையில் தூக்க மாத்திரையும் கொடுத்தார். வைட்டமினுக்கு மேல் ஊசல் வலப்பக்கம் சுற்றியது. தூக்க மாத்திரைக்கு மேல் இடப்பக்கம். அடேயப்பா! எண்பது பேர், அத்தனை பேரும் ஐந்து வருடம் வேதியியல் படித்தவர்கள், மெய்மறந்து கைதட்டினார்கள்.

விதோசவா ஊசலைப் பார்க்கவில்லை. ரஸ்திமிரின் கண்ணைப் பார்த்தாள். அவர் கண் அந்தப் பெண்ணின் முகத்திலேயே இருந்தது. அவள் முகம் மலர்ந்த பிறகுதான் குண்டு வலப்பக்கம் போனது.

காபி இடைவேளையில் (அது மட்டும் விண்ணப்பத்தில் சொன்ன நிமிஷத்துக்கு வந்தது) அவள் அவரிடம் போய்க் கையை நீட்டினாள். கையில் தன் வைட்டமின் மாத்திரை ஒன்றை உறையில்லாமல் வைத்திருந்தாள்.

"டாக்டர், இத எங்க அம்மா சாப்பிடறாங்க. எனக்குப் பயமாவே இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள்.

குண்டு இடப்பக்கம் சுழன்று சுழன்று ஆடியது. "நல்லவேளை எங்கிட்ட வந்தீங்க! சுத்த விஷம். இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க" என்றார் ரஸ்திமிர்.

"ரொம்ப நன்றி டாக்டர்" என்று சொல்லிவிட்டு அந்தச் சுத்த விஷத்தை வாயில் போட்டுக் காபியோடு விழுங்கினாள் விதோசவா. அவர் அதற்குள் அடுத்த ஆளின் கையைப் பிடித்திருந்தார்.

பிறகு அவள் நேராகப் போனது பேராசிரியர் த்ராகுதினிடம். அவர்தான் அங்கீகாரக் குழுவின் தலைவர், வகுப்பு முறைப்படி நடக்கிறதா என்று மேற்பார்வையிட வந்திருந்தார். விதிப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்கக்கூடிய மனிதர். கெட்டவர் இல்லை. விதிக்கு வெளியே உலகம் இருப்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"ப்ரொபசர், வகுப்பு முடிவுல தேர்வு வைக்காம பாயிண்ட் தர முடியாதுல்ல?"

"முடியவே முடியாது! விதி பதினேழு."

"நண்பகலுக்கு முன்னாடி எழுதிக் குடுத்தா, வகுப்புக்கு வந்தவங்களும் ஒரு செய்முறைக் கேள்வி சேர்க்கலாம், நடத்துறவரே அதச் செஞ்சு காட்டணும்னு அதே விதியில இருக்கே."

பேராசிரியரின் முகம் பூரித்தது. இருபது வருடத்தில் விதி பதினேழை முழுதாகப் படித்த முதல் ஆள்! அவள் கொடுத்த தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாரா? படித்தார், தேதி சரியாக இருக்கிறதா என்று.

மாலையில் தேர்வு. ரஸ்திமிர் கொடுத்த வினாத்தாளில் ஐந்து கேள்விகள். முதல் கேள்வி, "ஊசலின் குண்டு எதனால் ஆனது?" விடை ஏற்கெனவே வட்டமிடப்பட்டிருந்தது. எண்பது பேரும் முழு மதிப்பெண் பெற்றார்கள். சான்றிதழ்க் கட்டு மேசைக்கு வந்தது. எல்லோரும் எழுந்து வரிசை கட்டப் போனபோது பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"இருங்க, இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. செய்முறை. விதிப்படி வந்திருக்கு."

மேசைமேல் பத்து வெள்ளை டப்பாக்கள், ஒன்று முதல் பத்து வரை எண் ஒட்டி, மூடி இறுக்கி.

விதோசவா எழுந்து நின்றாள். "ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை அஞ்சு டப்பாவுல இருக்கு. மத்த அஞ்சுல அதே எடைக்குக் கோதுமை மாவு. எதுல எதுன்னு எனக்குத் தெரியாது. ஸோர்கா ஓட்டல் சமையலறையில தனியா நின்னு நிரப்பினா. பட்டியல உறையில போட்டு ஒட்டி ப்ரொபசர்கிட்டக் குடுத்துட்டு வெளிய போயிட்டா. இந்த அறையில இருக்கிற யாருக்கும் தெரியாது. டாக்டர் ஊசலக் கேட்டுச் சொல்லட்டும்."

ரஸ்திமிர் சிரித்தார். சிரிப்பு தாடியைத் தாண்டி மேலே வரவில்லை. "அம்மா, ஊசல சந்தேகத்தோட அணுகக் கூடாது. அலை கலைஞ்சிடும்."

"காலையில கலையலையே டாக்டர்? அப்பவும் நான் சந்தேகத்தோடதான் உக்காந்திருந்தேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேராசிரியர் மேசையைத் தட்டினார். "கேள்விக்குப் பதில் சொல்லாம தேர்வ முடிக்க விதியில இடமில்ல."

ஊசல் தொங்கியது. ரஸ்திமிர் முதல் வரிசையைப் பார்த்தார். அங்கே எல்லா முகமும் ஒன்றும் தெரியாமல் விழித்தது. விதோசவாவைப் பார்த்தார். அவளும் விழித்தாள். பாவம், குண்டு வலப்பக்கம் கொஞ்சம் போனது, இடப்பக்கம் கொஞ்சம் வந்தது, போக வழி தெரியாமல் நடுவில் நின்றது. அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. எப்படியோ பத்துக்கும் பதில் சொல்லி முடித்தார்.

பேராசிரியர் உறையைக் கிழித்துப் படித்தார். டப்பாக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பத்தில் நான்கு சரி. "இதயத்தை நிறுத்தும் வீரியம் கொதிக்கிறது" என்று டாக்டர் தள்ளி நின்று சொன்ன ஏழாம் டப்பாவில், நாலைந்து பணியாரம் சுடலாம் என்கிற அளவுக்கு மாவு.

"காசச் சுண்டிப் போட்டிருந்தா அஞ்சாச்சும் சரியா வந்திருக்கும்" என்றது ஒரு குரல்.

"ப்ரொபசர், இந்த ஊசல் வேலை செய்யுதான்னு நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள் விதோசவா.

பேராசிரியர் கோப்பைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். நாற்காலி எண்ணிக்கைக்குக் கட்டம் இருந்தது. கழிப்பறை எண்ணிக்கைக்குக் கட்டம் இருந்தது. "அதுக்கு... கட்டம் இல்லையேம்மா" என்றார் பரிதாபமாக. பிறகு மெதுவாகச் சொன்னார். "நடத்தினவரே தேர்வுல தோத்தா வகுப்பு செல்லாது. விதி பத்தொன்பது. முதல் நிலை வகுப்பும் சேர்த்து ரத்து. யாருக்கும் புள்ளி கிடையாது."

அப்போதுதான் அரங்கம் பொங்கியது. ரஸ்திமிரைப் பிடித்து உலுக்கினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவர் குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சமையலறை வழியாக நழுவியதை ஒருவரும் கவனிக்கவில்லை. மற்ற எல்லோரும் விதோசவாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கெடுத்திட்டியே! எங்க பாயிண்ட்டுக்கு என்ன வழி?"

"உனக்கு வேணாம்னா நீ போயிருக்கலாமே!"

"எனக்கு மட்டும் வேணாமா?" அவள் கத்திவிட்டாள். "நாளன்னிக்கு என் கடைக்குத்தான் பூட்டு! ஊசல் சொல்லிச்சுன்னு ஒரு மனுஷனோட மாத்திரையப் பாதியாக்கி அவர் கையையே வாங்கிட்டோம். அப்ப உங்கள்ல யாரும் ஏன்னு கேக்கல. பாயிண்ட் போனதும் எத்தன கேள்வி வருது!"

ஒவ்வொருவராகக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பேருந்தில் விதோசவா அழுதாள். ஸோர்கா அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் கடை பூட்டப்பட்டது. மருத்துவமனை வகுப்புக்குக் காபி நேரத்தை நிரப்பிப் புதிதாக விண்ணப்பித்து, அவள் புள்ளி வாங்கித் திறக்க மூன்று மாதம் ஆயிற்று.

குழுவும் சும்மா இருக்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு புதுக் கட்டம் சேர்த்தார்கள்: "கற்பிப்பது உண்மையா? ஆம் / இல்லை." அடுத்த மாதமே காந்த வளையல் வகுப்புக்கு ஒருவர் விண்ணப்பித்தார். "ஆம்" என்று அவரே குறித்திருந்தார். குழு முத்திரை குத்தியது.

தாயத்து கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோமே, பெரிய படிப்பெல்லாம் படித்த நாம்! வட்ட முத்திரையைக் கண்டதும் நாமும்தான் மூளையைக் கழற்றி வைக்கிறோம். கட்டம் இல்லாவிட்டால் என்ன? வாய் இருக்கிறதே, கேளுங்கள்.