திங்கட்கிழமை இன்டர்வியூவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாட்சி

நடக்கப்போவதை நடந்துவிட்டதாகச் சொன்னால் ஊர் நம்மைப் பொய்யன் என்று சொல்லும். அதையே சபையில் மைக் பிடித்துச் சொன்னால் விசுவாசி என்று கை தட்டும். இந்த இரண்டு பட்டங்களையும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வாங்கியவன் நான்.

1991. டிப்ளமா முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலை ஒன்றிலிருந்து இன்டர்வியூ கார்டு வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. இதை விட்டால் அப்பா என்னைப் பெரியப்பாவின் மாவு மில்லுக்கு அனுப்பிவிடுவார்.

அதற்கு முதல் நாள், வேலைக்காக ஜெபிக்கச் சொல்லி ஜெபக்குறிப்பு கொடுக்கத்தான் சபைக்குப் போனேன். இன்டர்வியூ சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டதில் தாமதமாகிவிட்டது. உள்ளே நுழைந்தபோது ஜெபக்குறிப்பு நேரம் முடிந்து, "தேவன் செஞ்ச நன்மையைச் சாட்சி சொல்றவங்க யாராவது இருக்கீங்களா?" என்று பாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பாடகர் குழுவில் மெர்சி நின்றிருந்தாள். நான் எழுந்தேன். (இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் தொடர்பில்லை என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன்.)

போன வாரப் பிரசங்கமே, ஜெபத்தில் கேட்கும்போதே கிடைத்துவிட்டதாக நம்ப வேண்டும் என்பதுதான். ஒரு நாள்தானே வித்தியாசம்!

"தேவன் எனக்கு வேலை கொடுத்தார்" என்றேன்.

"அல்லேலூயா!" ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"சூப்பர்வைசர் வேலை" என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

ஆராதனை முடிந்ததும் மெர்சியின் அம்மா ராணி அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா, என் புள்ள சாமுவேலும் ஐடிஐ முட்ச்சிட்டு வூட்டுலதான் கீறான். உன் கம்பெனில ஒரு வார்த்த சொல்லேன்."

நான் சூப்பர்வைசராகி அப்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. "நாளைக்கு என்கூட அனுப்புங்க அத்தை, பாத்துக்கலாம்."

ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதாகக் குடிவந்தவர் என்று கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் கைகொடுத்தார். "எந்தக் கம்பெனி பிரதர்?" சொன்னேன். "அப்படியா!" என்று நெடுநேரம் கையைக் குலுக்கினார்.

மறுநாள் தொழிற்சாலை கேட்டில் சாமுவேல் மஞ்சப்பையும் சர்டிபிகேட்டுமாக முந்திக்கொண்டான். "அண்ணன் இங்க சூப்பர்வைசரு."

வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் மிஷினே வர்ல. சூப்பர்வைசர் எப்பிடிபா வந்தாரு?"

சாமுவேலை வெளியே உட்காரவைத்துவிட்டு இன்டர்வியூ அறைக்குள் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நேற்றைய கட்டம்போட்ட சட்டைக்காரர். இன்று வெள்ளைச் சட்டை.

"தோத்திரம் பிரதர். உங்களுக்குத்தான் நேத்தே வேலை கெடச்சிடுச்சே, இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

"அது… விசுவாசத்துல சொன்னது சார்."

"சூப்பர்வைசர்னது?"

"அது கொஞ்சம் அதிக விசுவாசம் சார்."

அவர் சிரிக்கவில்லை. "இது இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு பாகத்தை அளந்து பாக்கச் சொன்னா அளந்துட்டு எழுதுவீங்களா, விசுவாசத்துல எழுதுவீங்களா?"

"அளந்துட்டுத்தான் சார்" என்றேன். இரண்டு முறை இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"வெளிய உங்ககூட வந்திருக்கறது யாரு?"

"சாமுவேல் சார். ஃபிட்டர். நான்தான் வரச்சொன்னேன்."

"எப்படி வேலை செய்வாரு?"

இருந்தது ஒரே ஒரு வேலை; அதைப் பிடிக்க எனக்கு இருந்த ஒரே வழி அவனைக் கொஞ்சம் மட்டம் தட்டுவதுதான். ஆனால் நேற்றிலிருந்து பொய் சொல்லிச் சொல்லி வாய் களைத்துப்போயிருந்தது. "என்னைவிட நல்லா செய்வான் சார்" என்றேன்.

அவர் மணியை அடித்து, சாமுவேலை உள்ளே கூப்பிட்டார். வேலை அவனுக்குக் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு சாமுவேல் மைக்கைப் பிடித்து அழுதான். "அண்ணன் வாக்கு குடுத்தாரு, தேவன் நிறைவேத்துனாரு." சபை என் பக்கம் திரும்பிக் கை தட்டியது. அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் மைக்கை வாங்கி, "போன வாரம் நான் சொன்னது பொய். எனக்கு வேலை கிடைக்கல" என்றேன்.

பாஸ்டர், பழக்க தோஷத்தில், "அல்லேலூயா" என்றார். பாடகர் குழுவிலிருந்து ஒரே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மெர்சி.

மாவு மில்லில் இரண்டு வருடம் அரைத்தேன். நான் சபையில் அறிவித்த சூப்பர்வைசர் பதவி பிற்பாடு சாமுவேலுக்கே வந்தது. அவன் இப்போது என் மைத்துனன். சிரித்தவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் யாரும் அப்படியே ஏற்பதில்லை.

"பிரஷர் மாத்திரை போட்டாச்சா?" என்பாள் மெர்சி.

"ஆச்சு."

"அளந்து ஆச்சா, விசுவாசத்துல ஆச்சா?"

எழுந்துபோய்ப் போட்டுக்கொள்வேன்.