மிச்ச சைக்கிள் எங்கே?

டயகம,
சனிக்கிழமை, மழை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கஜேந்திரன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் தனுஷிகா வணங்கி எழுதுவது. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அப்பா வழமைபோல பெக்டரிக்குப் போய் வருகிறார். கறுப்புக் கோழி மறுபடியும் முட்டை இடத் தொடங்கியிருக்கிறது. அங்கே நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். சுகம் சொல்ல வேண்டியவர்களில் மிச்சமிருப்பது நீங்கள் வாங்கி அனுப்பிய சைக்கிள் ஒன்றுதான். அது சுகமாக இல்லை.

வட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்களுக்கு நான் வட்ஸ்அப்பில் எழுதினால் அத்தைதான் குரல் பதிவாகப் பதில் அனுப்புகிறார். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் இந்த லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அத்தை பேசுவது கோயில் வரை கேட்கிறது. ஆகவே இதைக் கொழும்புக்குக் கரட் ஏற்றிப் போகும் சுமனின் லொறியில் கொடுத்து விடுகிறேன். நீங்கள் தனியாக இருக்கும்போது வாசியுங்கள். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வரும்போது அந்தச் சைக்கிளை எடுத்துப் போய் விற்றுவிடுங்கள். யார் கேட்டாலும் கொடுங்கள். வந்த விலைக்குக் கொடுங்கள்.

எனக்கு எதற்குச் சைக்கிள் என்று நீங்கள் கேட்கவேயில்லை. அந்த ஒன்றுக்காகவே உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் போன தீபாவளிக்கு வந்தபோது கைவிட்ட பழைய பெக்டரி வெறும் சுவராக நின்றது. அதன் பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்து, கூரையில்லாத அந்தத் தரையில் கொன்கிரீட்டால் மேடும் பள்ளமும் சரிவுமாகக் கட்டி, ‘ஸ்கேட் பார்க்’ என்று பலகை நட்டுவிட்டுப் போனது. இருக்கிற மேடு பள்ளம் காணாதென்று காசு செலவழித்து வேறு கட்டியிருக்கிறார்களே என்று அம்மா இன்னும் சொல்கிறார். இப்போது சரிவில் சேலை காய்கிறது. மேட்டில் ஆடு படுக்கிறது. ஆனால் திறப்பு விழாவன்று கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். சின்னச் சக்கரம் வைத்த சைக்கிளில் ஒரு சரிவில் இறங்கி மறு சரிவில் ஏறினாள். விளிம்புக்கு வந்ததும் சைக்கிள் நிலத்தை விட்டது. ஒரு கணம் அவளும் சைக்கிளும் எதிலும் படாமல் இருந்தார்கள். பிறகு இறங்கினார்கள், எல்லாரும் கை தட்டினார்கள், விசுக்கோத்து கொடுத்தார்கள். நான் விசுக்கோத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இங்கே ஏறுவதும் இறங்குவதும்தான் எல்லாருக்கும் வேலை. அம்மா வெறும் கூடையோடு மலை ஏறுகிறார், கொழுந்தோடு இறங்குகிறார். நான் பிள்ளைக் காம்பராவுக்கு ஏறி, மலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டு, இறங்கி வீட்டுக்கு வருகிறேன். ஏறி முடித்ததும் உடனே இறங்காமல் ஒரு கணம் சும்மா இருக்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அது எனக்கு வேண்டும் என்று பட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சீட்டுக் காசு கைக்கு வந்தால் எனக்குத் தோடு வாங்கலாம் என்று அம்மா எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். முதல் சைக்கிளை மலிவாகத் தேடுகிறவர்கள் பளபளப்பைப் பார்க்கக் கூடாது, என்ன இரும்பு, எவ்வளவு பாரம் என்று பார்க்க வேண்டும். சக்கரம் இருபது அங்குலம். நடுக்குழாய் ஆளின் உயரத்துக்கு ஏற்ற நீளம். பெடலைத் தாங்கும் கை ஒரே கம்பியை வளைத்துச் செய்ததாக இருந்தால் நாலு குதிப்பில் கோணிப்போகும். தனித்தனியாகச் செய்து பூட்டியதாக இருக்க வேண்டும். புதிதாக மட்டமான ஒன்றை வாங்குவதைவிட நல்ல ஒன்றைப் பழையதாக வாங்குவதே புத்தி. மாப்பிள்ளை பார்ப்பதற்கும் இந்த விதிகள் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதை எங்கேயும் எழுதியிருக்கக் காணவில்லை.

முதலில் ஹட்டனுக்குத்தான் போனேன். அந்தக் கொழும்புப் பெண் ஓட்டிய வகைக்குப் பெயர் BMX; அந்தப் பெயரில் ஸ்டிக்கர் ஒட்டிய சிறுவர் சைக்கிள்கள் கடை வாசலில் வரிசையாக நின்றன. கடைக்காரர் மிகவும் மரியாதையாக, “பிள்ளைக்கு எத்தன வயசும்மா?” என்றார். இருபத்து நாலு என்றேன். அவர் உள்ளே போய், முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு வேண்டியதை நான் விளக்கினேன். கியர் தேவையில்லை, ஸ்டாண்ட் தேவையில்லை, கெரியரும் மட்கார்டும் இருக்கவே கூடாது, சீட் எவ்வளவு பதிந்து இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “ஒண்ணுமே வேணாங்கிறீங்க, அப்ப எதுக்கும்மா காசு குடுக்கப் போறீங்க?” என்றார். கொண்டு போன காசோடு பஸ் ஏறினேன்.

அதன் பிறகுதான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் நான் சொன்னபடியே செய்தீர்கள். ஒட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தீர்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்தீர்கள். வெளிநாடு போன யாரோ ஒரு பணக்காரப் பிள்ளையின் சைக்கிளை என் கைக்கு எட்டும் விலையில் பேசி எடுத்தீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை, மாமா. நீங்கள் செய்த ஒரே தவறு, ‘பாப்பாவுக்கு சைக்கிள் வருது’ என்று அப்பாவுக்குப் போன் செய்ததுதான். அவர் லயம் முழுவதும் சொல்லிவிட்டார்.

கரட் இறக்கிவிட்டுக் கொழும்பிலிருந்து வெறும் லொறியில் வந்த சுமன் சைக்கிளை இறக்கி வைத்தான். அம்மா அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு சுமனிடம், “மிச்ச சைக்கிள் எங்க?” என்று கேட்டார். இவ்வளவுதான் கொடுத்தார்கள் என்று அவன் சொல்ல, “எந்தம்பி முழு சைக்கிள் அனுப்பியிருக்கான். கெரியர எங்க வித்த?” என்றார். அவன் முனியாண்டி மேல் சத்தியம் செய்தான். இது இப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. திருடனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று பக்கத்துக் காம்பரா ரத்னா அக்கா சொன்னதுதான் மிச்சம். அடுத்த பயணத்தில் சுமன், தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, கைக்காசைப் போட்டு ஒரு ஸ்டாண்டும் ஒரு மணியும் வாங்கி வந்து அம்மா கையில் கொடுத்தான். அம்மா அதை அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். ஸ்டாண்டையும் மணியையும் அன்றைக்கே பூட்டினார்கள்.

அடுத்தது பூசை. புது வாகனத்துக்குப் பூசை போடாமல் ஏறக் கூடாது என்று அப்பா கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பெரியதம்பி பூசாரி லொறிக்கும் ஓட்டோவுக்கும் பூசை போட்டுப் பழகியவர். இதில் மாலை போட இடம் தேடிக் களைத்துப்போய், அந்தக் குறையைக் குங்குமத்தில் தீர்த்தார். மழைக்குக் கரைந்துவிடாமல் இருக்கக் குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்து, இரண்டு சக்கர விளிம்பையும் சுற்றிப் பொட்டு வைத்தார். பின்னால் இருந்த பிரேக் கட்டைக்கும் தாராளமாக வைத்தார். அந்தச் சைக்கிளுக்கு இருப்பதே அந்த ஒரு பிரேக்தான். கோயிலில் இருந்து ஸ்கேட் பார்க்குக்குப் போகும் பாதை எவ்வளவு இறக்கம் என்று உங்களுக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஏறினேன், கற்பூரம் அணையும் முன் முதல் வளைவைக் கடந்துவிட்டேன், பிரேக்கைப் பிடித்தேன், அது எண்ணெய் தேய்த்த பிள்ளை மாதிரி வழுக்கியது. பாதை திரும்பியது. நான் திரும்பவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவின் கூட்டத்துக்கு நடுவே ஒரு தேயிலைச் செடியில் உட்கார்ந்தபடி நின்றேன். கோகுலராஜ் கங்காணி வந்து செடியைத்தான் முதலில் பார்த்தார். “கொழுந்துதான் பறிக்கச் சொல்றது பாப்பா, செடிய இல்ல,” என்றார். சிரிக்காமல் இருந்தது அம்மா மட்டும். அவர் என் தலைமுடியிலிருந்து கொழுந்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்.

அப்பா பயந்துவிட்டார், மாமா. எண்ணெய்தான் காரணம் என்று சொன்னால் அம்மன் குற்றமாகிவிடும்; ஆகவே சைக்கிள் குற்றமானது. அரைகுறைச் சைக்கிள் ஆளைத் தள்ளத்தான் செய்யும் என்று முடிவு கட்டினார். நான் பிள்ளைக் காம்பராவில் இருந்த நாளாகப் பார்த்து, அதைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் வேலை செய்யும் விமலே பாஸின் பட்டறைக்குப் போயிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு முழுச் சைக்கிள் நின்றது. பின்னால் இரும்புக் கெரியர், வெல்டிங் வைத்து ஒட்டியது. தகரத்தில் வெட்டிய மட்கார்ட் இரண்டு. நான் கூனி ஓட்டக் கூடாதென்று, பழைய தண்ணீர்க் குழாயை வைத்துச் சீட்டை என் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். அந்த வகை இரும்புக்குக் கண்டபடி சூடு காட்டினால் பலம் குறையும் என்று வாசித்திருந்தேன். அப்பா கெரியரை ஒரு தட்டுத் தட்டினார். “இப்பதாம்மா இது சைக்கிள்,” என்றார். பெக்டரியில் ஓவர்டைம் செய்து அந்த வேலைக்குக் கொடுத்திருக்கிறார். நல்லா இருக்குப்பா என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அதில் அரிசி வருகிறது, விறகு வருகிறது, காஸ் சிலிண்டர் வருகிறது. ரத்னா அக்கா இரவல் கேட்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்த கங்காணி அதில் உரப்பை கொண்டு போகிறார். எல்லாருக்கும் உதவுகிற ஒரு பொருளைப் பார்த்துத் துக்கப்படுவது எவ்வளவு கேவலமான துக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் துக்கமாகத்தான் இருக்கிறது. ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளை என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஆசைப்பட்டுத் தேடி எடுத்தேன். அதை எல்லாரும் சேர்ந்து, அன்பினாலேயே, உதவ வைத்துவிட்டார்கள். மழை நாளில் பிள்ளைக் காம்பரா சன்னலில் நின்று பார்த்தால் பனிக்குள் அந்தக் கொன்கிரீட் சரிவு தெரியும். யாரோ சேலை எடுக்க மறந்திருப்பார்கள். பார்க்காமல் இருக்கத்தான் பழகிக்கொண்டு வருகிறேன். வாசலில் அது நிற்கும்வரை பழக முடியாது. அதனால்தான் விற்கச் சொல்கிறேன். அப்பாவிடம் நீங்களே ஒரு காரணம் சொல்லுங்கள்; உங்களுக்குப் பொய் வரும்.

அத்தையின் முழங்காலுக்கு அம்மா எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறார். குங்குமத்துக்கும் பிரேக்குக்கும் தூரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் முத்தம். பெரியவர்களாகிய நீங்கள் இருவரும் என்னை ஆசீர்வதியுங்கள். மாப்பிள்ளை விசயமாக ஆசீர்வதிப்பதை மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பா,
தனுஷிகா.

பின்குறிப்பு: ஞாயிறு காலை. மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், மாமா. சைக்கிளை விற்க வேண்டாம். ஒரு சோடி பிரேக் கட்டை மட்டும் சுமனிடம் கொடுத்து விடுங்கள். கொடுப்பதாக இருக்கிற சைக்கிள்தானே, ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று விடிந்ததும் ஸ்கேட் பார்க்குக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அந்தச் சீட்டில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சரிவில் இறங்கினேன். முதல் இறக்கத்தில் மணி விழுந்தது. அடுத்ததில் முன் மட்கார்ட். ஆடுகள் எழுந்து போய்விட்டன. ஸ்டாண்ட் எப்போது கழன்றது என்று தெரியாது. பிறகு நடு மேட்டில் ஏறினேன், சத்தமெல்லாம் நின்றது, உடனே இறங்கிவிட்டேன், விழவும் செய்தேன். எழுந்து பார்த்தால் இடிந்த சுவரோரம் அப்பா நிற்கிறார், உரப்பையைத் தலைக்கு மழைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு. விறகுக்குச் சைக்கிளைத் தேடி வந்திருக்கிறார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பையைக் கழற்றி, மணியையும் மட்கார்டையும் ஸ்டாண்டையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் போட்டார். “கெரியர் அசையல பாத்தியா. பாஸ் ஒட்டுன ஒட்டு,” என்றார். சைக்கிளை அவரே தள்ளிக்கொண்டு பாதி ஏற்றம் வந்த பிறகு, கெரியரை வெட்டி நட்டு வைத்துப் பூட்டித் தரும்படி பாஸிடம் கேட்பதாகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றி வைக்கலாம் என்றும் சொன்னார். இன்னும் கொஞ்சம் ஏறியதும் நின்றார்.

“அந்த மேட்டுல ரெண்டு சக்கரமும் தரையில இல்லம்மா. ஒரு எலுமிச்சம்பழ ஒசரம் இருக்கும்.”

அதைவிடக் கூட இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். பொங்கலுக்கு வந்து நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.