இனர்ஷியா சாரின் மூக்கு

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் பஸ்களில், வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு நாள்கூடக் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டே போய்வந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவருடைய மூக்கை உடைத்தவன் நான். அவமானப்படுத்தினேன் என்ற பொருளில் சொல்லவில்லை. எலும்பு உடைந்தது. சட்டையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். நான் உடைத்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் கிழவனாகிவிட்டேன். போன மாதம் அவரிடமே போய்ச் சொன்னேன். அவரிடம் சொன்ன பிறகு உங்களிடம் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் இயற்பியல் நடத்தினோம். அவர் எனக்குச் சில ஆண்டுகள் மூத்தவர். நானும் அப்போது கடலூரில் குடியிருந்து அதே பஸ்ஸில்தான் போய்வந்தேன். நிற்கும் பொருள் நின்றபடியே இருக்கப் பார்க்கும், ஓடும் பொருள் ஓடியபடியே இருக்கப் பார்க்கும், வெளியிலிருந்து ஒரு விசை வந்தால்தான் எதுவும் மாறும். இதுதான் இனர்ஷியா. முதலாண்டுப் பையன்களுக்கு இதை நடத்துவதோடு நிறுத்தாமல் வாழ்ந்தும் காட்டியதால் அவர் இனர்ஷியா சார் ஆனார். அவர் குடியிருக்கும் கடலூர் மஞ்சக்குப்பம் தெருவில் மாதாகோவில் ஜனங்கள் அதிகம். அவர்கள் வாயில் அது இன்னாசியார் என்று புனிதர் பெயராகவே ஆகிவிட்டது. நெற்றி நிறைய விபூதியோடு போகிறவரைப் பார்த்து பால்காரர், "தோத்திரம் இன்னாசியாரே" என்று கும்பிடுவார். இவரும் பதிலுக்குக் கும்பிடுவார்.

"திருத்தக்கூடாதா சார்?" என்று கேட்டேன்.

"எதுக்குய்யா? அவர் பாட்டுக்குப் போயிக்கிட்டு இருக்காரு. நாம எதுக்குக் குறுக்க ஒரு விசை குடுக்கணும்?"

பஸ்ஸில் அவர் நிற்பதே ஒரு காட்சி. பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து நடுவழியில் நிற்பார். பஸ் கிளம்பினால் பின்னால் சாய்வார், வளைந்தால் பக்கத்தில் சாய்வார், பிரேக் போட்டால் டிரைவர் வரை போய்விட்டுத் திரும்பி வருவார். பரீட்சைக்கு முந்தின நாள் பையன்கள் தேடிப் பிடித்து அவர் ஏறிய பஸ்ஸிலேயே ஏறுவார்கள். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும்.

"டிக்கெட்டு ஒண்ணு தான் வாங்குறீங்க. பஸ்சு பூரா எடம் புடிக்கிறீங்களே சார்" என்பார் கண்டக்டர்.

கடலூரின் பழைய ஊரான ஓ.டி.யில் ஏறும் மீன்காரம்மா ஒருத்தி உண்டு. ஒரு நாள் டிரைவர் மாட்டுக்காகப் பிரேக் அடித்தபோது இவர் நேராகப் போய் அவள் கூடையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னா சாரு, வேற எடமே கெடைக்கலியா, என் கூட மேல தான் வந்து வுழுணுமா?"

"நான் வுழலம்மா. பஸ்சு தான் நின்னுட்டுது. நான் அப்படியே போயிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப அப்படியே போயி, ஓடுற சங்கரா மீனையும் பொறுக்கிக்கிட்டு வா."

பஸ்ஸின் பின்பக்கம் வரை ஊர்ந்து பொறுக்கிக் கொடுத்தார். அன்று முதல் இருவரும் சிநேகிதம். பின்னால் அந்த அம்மா அவருக்கு வலை நூலில் ஒரு பை முடிந்து கொடுத்தாள். அந்தப் பை இந்தக் கதையில் மறுபடி வரும்.

வீட்டிலும் இதே கதைதான். பொருள் நகர்ந்தால்தான் வேலை, நகராமல் எவ்வளவு சுமந்தாலும் இயற்பியலில் அது வேலையே இல்லை என்று ஒரு நாள் மனைவியிடம் விளக்கினார். சரோஜா அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு தண்ணீர் நிரம்பிய குடத்தை அவர் தோளில் தூக்கி வைத்தார்.

"வேலை இல்லல்ல? சும்மா நில்லுங்க. பக்கத்து வீட்டுல ஒரு பேச்சு பேசிட்டு வந்துடுறேன்."

அக்கா திரும்பி வருவதற்குள் நான் இரண்டு காபி குடித்துவிட்டேன். அவர் குடத்தை இறக்கவில்லை. நெற்றியில் வேர்வை ஓட, "வேலை இல்லதான்யா. ஆனா ஏன் இவ்ளோ வலிக்குது? நல்ல கேள்வி. நாளைக்கு கிளாஸ்ல கேக்கணும்" என்றார்.

நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனோம். வழியில் ஒரு மேட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று ஏற முடியாமல் நிற்க, எங்கள் பஸ்ஸும் அதன் பின்னால் நின்றுவிட்டது. டிரெய்லரில் மலை மாதிரி கரும்பு. கியரைப் போட்டால் டிராக்டரின் முன்சக்கரம் குதிரை மாதிரி எழும்பியது. இவர் இறங்கி ஓடினார்.

"தம்பி, பின்னால எடை ஜாஸ்தி. அது ஒரு திருப்பு விசையக் குடுக்குது. முன்னால எடை போட்டாத்தான்..."

"அது எனக்கே தெரியும் மாமா. முன்னால ஒக்கார ஆளு இல்லாமத்தான் நிக்கிறேன். பேசாம ஏறு."

ஏறினார். போதவில்லை. "நீயும் வாய்யா, நல்லாத்தானே சாப்புடுற" என்று என்னையும் இழுத்தார். இரண்டு இயற்பியல் ஆசிரியர்களின் எடையில் முன்சக்கரம் தரையில் பதிந்தது. மேடு ஏறினோம். நடுவில் நிறுத்தினால் மறுபடி தூக்கும் என்று டிரைவர் நிறுத்தவே இல்லை. கல்யாண மண்டபத்தைத் தாண்டி சர்க்கரை ஆலை வாசலுக்கே கொண்டுபோய்விட்டான். நாங்கள் நடந்து வந்தபோது தாலி கட்டி முடிந்து கடைசிப் பந்தி. வேட்டியில் உட்கார்ந்த இடமெல்லாம் கிரீஸ். மணமகன் வீட்டார் எங்களைப் பரிமாறுகிறவர்கள் என்று நினைத்து வாளியைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு ரசம் ஊற்றப் போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான்.

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறந்ததும் அவர் ஒரு செய்முறை காட்டுவார். விளையாட்டுத் துறையிலிருந்து குண்டு எறியும் இரும்புக் குண்டை வாங்கி, மீன்காரம்மாவின் வலைப்பையில் போட்டு, வகுப்பறை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடுவார். பின்மண்டை கரும்பலகையில் முட்டும்படி நின்று, குண்டைத் தன் மூக்கு நுனிவரை இழுத்துப் பிடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார்.

"குடுத்த ஒசரந்தான் திரும்பி வரும். கூட ஒரு நூலு வராது" என்று சொல்லிக் கையை விடுவார். தள்ள மாட்டார்; விடுவது மட்டும்தான். குண்டு அறையின் மறுபக்கம் வரை போய், அங்கே ஒரு கணம் நின்று, அவர் முகத்தை நோக்கி விரைந்து வரும். பெண் பிள்ளைகள் அலறுவார்கள். குண்டு மூக்குக்கு மயிரிழையில் நின்று திரும்பிவிடும். ஆற்றல் அழிவதும் இல்லை, புதிதாய்ப் பிறப்பதும் இல்லை என்பது அந்த ஒரு நொடியில் பையன்களின் வயிற்றில் போய் இறங்கிவிடும். மற்ற துறைப் பையன்கள் ஜன்னலில் தொங்குவார்கள்.

அந்த நேரத்தில் என் வகுப்பு காலி.

நான் தங்கப் பதக்கம் வாங்கியவன். அழகான கையெழுத்தில் கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதுவேன். திரும்பிப் பார்த்தால் பாதிப் பேர் தூக்கம். எனக்கு வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "அவர் கிளாஸ்ல போயி நின்னு பாருங்க. எப்படி நடத்துறதுன்னு கத்துக்கிடலாம்" என்றார். அது முள்ளாகத் தைத்தது. போனேன். குண்டின் பாதையில் பையன்கள் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி இனர்ஷியா சார் என்னை எதிர்ப்பக்கம் நிறுத்தினார்.

கண்ணை மூடினார். விட்டார். குண்டு என்னிடம் வந்தது. ஒரு கணம் நின்றது. எல்லாக் கண்களும் அவர் மூக்கின் மேல் இருந்தன. நான் இரண்டு விரலால் அதை லேசாகத் தள்ளினேன்.

மூக்கில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டும், பையன்கள் சிரிப்பார்கள், அத்தோடு முடியும் என்று நினைத்தேன். இயற்பியல் படித்தவன் நினைக்கக்கூடிய நினைப்பா அது? தேங்காயில் கீறல் விழும் சத்தம் கேட்டது.

பையன்கள் முதலில் கை தட்டினார்கள். அதுவும் செய்முறையில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். அவர் கண்ணைத் திறந்து, மூக்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குண்டைப் பார்த்தார். பிறகு வகுப்பைப் பார்த்து, "தப்பு விதியில இல்ல. நான் முன்னால சாஞ்சிட்டேன். எல்லாரும் எழுதிக்குங்க" என்றார்.

ஆட்டோவில் நான்தான் அழைத்துப் போனேன். வழி முழுக்க அவர் தலையை அண்ணாந்தபடி வந்தார்.

மூக்கு இடப்பக்கம் வளைந்து நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய சேதம், அந்தச் செய்முறையை அவர் அத்தோடு விட்டுவிட்டார். ஒவ்வோர் ஆண்டும் பையன்கள் கெஞ்சுவார்கள். "பயந்துட்டேம்பா" என்பார். பயந்த இன்னாசி என்று கழிப்பறைச் சுவரில் படம் போட்டார்கள். அடுத்த ஆண்டு எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. முதல் வாழ்த்து அவருடையது. பஸ்ஸில் ஜன்னலோர இடத்தில் துண்டைப் போட்டு எனக்குப் பிடித்து வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டு வருவார். பயந்த மனிதர் கம்பியைப் பிடித்திருக்க வேண்டாமா? எனக்கு அது உறைக்கவில்லை.

ஓய்வு பெற்று நான் சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பக்கம் வந்துவிட்டேன். தூக்கம் வராத வயது. போன மாதம் ஒரு நாள் இனித் தாங்காது என்று கடலூர் பஸ் ஏறினேன். பிராயச்சித்தமாகக் கம்பியைப் பிடிக்காமல் நின்று பார்த்தேன். "யோவ் பெருசு, வுழுந்து என் உசுர வாங்காத, புடி!" என்றார் கண்டக்டர். பிடித்துக்கொண்டேன். கடலூரில் இறங்கி, விளையாட்டுச் சாமான் கடையில் சின்னப் பிள்ளைகள் எறியும் குண்டு ஒன்று வாங்கினேன்.

"பேரனுக்கா சார்?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் என் கையைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார், பையை இரட்டையாகப் போட்டுக் கொடுத்தார்.

இனர்ஷியா சார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் குண்டை மேசைமேல் வைத்தேன்.

"சார், அன்னைக்கு நீங்க சாயல. நான் தள்ளுனேன். இத அந்த ஊஞ்சல் கொக்கியில கட்டுங்க. நான் செவுத்துல சாஞ்சி நிக்கிறேன். நீங்க தள்ளுங்க."

"தெரியும்" என்றார்.

"எது சார்?"

"நீ தள்ளுனது. குண்டு கூட வந்துச்சு. கூட வந்துச்சுன்னா எவனோ கூட குடுத்துருக்கான். அந்தப் பக்கம் நின்னது நீ ஒருத்தன். இதுக்கு என்னா பி.எச்டி வேணுமா? ஆட்டோவுலயே கணக்க முடிச்சிட்டேன். எத்தினி வெரலு?"

"ரெண்டு சார்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "நான் மூணுன்னு வச்சிருந்தேன். சரோஜா! ரெண்டு தானாம்!"

சமையலறையிலிருந்து அக்கா குரல் வந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன். அந்தத் தம்பிக்கு மூணு வெரலுக்குத் தெம்பு ஏது?"

இத்தனை காலம் அந்த வீட்டில் நான் குடித்த காபி எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தது.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சார் அதுக்கப்புறம் அந்தச் செய்முறைய விட்டீங்க? பயந்தாங்கொள்ளின்னு பேரு வாங்குனீங்களே."

"மறுபடி செஞ்சா என்னா ஆவும்?"

"சரியா வரும்."

"சரியா வந்துச்சுன்னா, அன்னைக்கு மட்டும் ஏன் இடிச்சிதுன்னு எவனாவது யோசிப்பான். யோசிக்கச் சொல்லித்தானே நானே பாடம் எடுத்தேன்? உனக்கு அப்ப வேலை நெரந்தரம் ஆவல. அது ஆனப்புறம், ஊரு பூரா உன்ன சாருன்னு கும்புடுது. விட்டுட்டேன். இப்ப யாரு பாக்கப்போறா? வா, கட்டுவோம்."

சமையலறையில் வெங்காயம் தொங்கிக்கொண்டிருந்த வலைப்பையை அவிழ்த்து, வெங்காயத்தை முறத்தில் கொட்டிவிட்டுப் பையோடு வந்தார். அதே பை. ஊஞ்சல் கொக்கியில் கயிற்றைக் கட்டினோம். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"அங்க எதுக்கு நிக்கிற? உன் மூக்க வச்சி நான் என்னா பண்ண? நவுரு. அது என் எடம். நீ அந்தப் பக்கம் போ."

"நானா சார்?"

"வேற யாரு? உனக்குத்தான் எடம் தெரியும்."

"இந்த வயசுல ஒடஞ்சா ஒட்டாது, சொல்லிட்டேன்" என்றார் அக்கா, காபியோடு வந்து நின்று.

வளைந்த மூக்குக்கு நேராகக் குண்டை இழுத்துப் பிடித்தார். கண்ணை மூடினார். "குடுத்த ஒசரந்தான் திரும்பி வரும்" என்று விட்டார். குண்டு என்னிடம் வந்து, அன்று போலவே, என் நெஞ்சுக்கு எதிரே ஒரு கணம் நின்றது. என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன. அது திரும்பிப் போயிற்று.

"வந்துச்சா?"

"வந்துச்சு சார். கொஞ்சம் கம்மியா."

"கம்மியாத்தான் வரும். காத்து கொஞ்சம் எடுத்துக்கும்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. குண்டு மறுபடி என்னிடம் வந்தது, மறுபடி அவரிடம் போயிற்று. கனமான பொருள், சீக்கிரம் நிற்காது. அக்கா வைத்த காபி ஆறிப்போயிற்று. அது தானாக ஓயும்வரை நாங்கள் அப்படியே நின்றோம், அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.